74 பரிசோதனைகள் கொண்ட இதய பேக்கேஜ்: வீடு தேடி வந்து ரத்தம் எடுக்கும் ஆய்வகச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

சென்ற ஆடி மாதம் 67 வயதான என் தந்தைக்கு மாரடைப்பு வந்தது. உடனே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் இரவு படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர் கோத்திருப்பதாகச் சொல்லி மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். எக்கோவில் ‘பம்பிங்’ (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் விழுக்காடு) 35 என்று வந்திருந்தது. பத்தாம் நாள் வீடு திரும்பியபோது, நான்கு வாரம் கழித்துச் சிறுநீரகப் பரிசோதனை, சோடியம், பொட்டாசியம், என்டி-புரோபிஎன்பி (இதயத்தின் மீதுள்ள சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வரவும் என்று டிஸ்சார்ஜ் தாளின் கடைசிப் பத்தியில் மருத்துவர் எழுதியிருந்தார். எங்கள் வீடு மாடியில் இருப்பதால், அவரைப் படியிறக்கி ஏற்றுவதைத் தவிர்க்க எண்ணி, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தின் செயலியில் பதிவு செய்தோம். ஆறு மாதத்தில் மூன்று முறை அதைப் பயன்படுத்தியிருக்கிறோம். ஆய்வகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே பேக்கேஜ் சிறு சிறு மாற்றங்களோடு பல ஆய்வகங்களில் விற்பனைக்கு இருப்பதால், பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் வாசிப்பவருக்குப் பயன்படும்.

வீட்டுக்கு வரும் ஏற்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் குறை குறைவு. காலை ஆறரை மணி என்றால் ஆறே முக்காலுக்குள் வந்துவிடுகிறார்கள். முதல் முறை வந்த இளைஞர் கையுறையை எங்கள் கண்முன் பிரித்துப் போட்டார். குழாய்களில் பெயரும் வயதும் எழுதிய பின்னரே ஊசியைத் தொட்டார். அப்பாவின் கையில் மருத்துவமனையில் குத்திக் குத்தி நீலம் பாரித்திருந்த இடத்தை விட்டுவிட்டு மறு கையில் ஒரே முயற்சியில் எடுத்தார். அம்மா கொடுத்த காபியை, “இன்னும் மூன்று வீடு இருக்கும்மா” என்று மறுத்துவிட்டு இறங்கிப் போனார். அறிக்கை அன்று இரவே செல்பேசிக்கு வந்தது. இவ்வளவும் பாராட்டுக்குரியவை.

இனி பேக்கேஜ். மருத்துவர் எழுதிய நான்கை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முயன்றபோது, ‘முழு இதயப் பாதுகாப்பு’ என்ற 74 பரிசோதனைத் தொகுப்பைச் செயலி மீண்டும் மீண்டும் முன்னால் நிறுத்தியது. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எழுபத்து நான்கு என்றால் யாருக்கும் கை நீளும், எங்களுக்கும் நீண்டது. அறிக்கை பதினேழு பக்கம் வந்தது. எண்ணிக்கை எப்படி எழுபத்து நான்காக வளர்ந்தது என்பதை அப்பாதான் கண்டுபிடித்தார். கூட்டுறவு வங்கியில் கணக்கு பார்த்தவர் அல்லவா. ரத்த அணுக்களின் எண்ணிக்கை என்ற ஒரே பரிசோதனை இருபதுக்கும் மேற்பட்ட வரிகளாகப் பிரிந்திருந்தது. கொழுப்புப் பகுதியில் ஒன்றை இன்னொன்றால் வகுத்துக் கிடைக்கும் விகிதங்கள்கூட ஒவ்வொன்றும் ஒரு பரிசோதனையாகக் கணக்கில் ஏறியிருந்தன. சிறுநீரகப் பகுதியில் யூரியா ஒரு வரி, யூரியா நைட்ரஜன் ஒரு வரி, யூரியாவுக்கும், சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் ஒரு வரி. யூரியாவை ஏறத்தாழ 2.14 ஆல் வகுத்தால் யூரியா நைட்ரஜன் கிடைத்துவிடும். அளப்பது ஒருமுறை, விற்பது மூன்று முறை.

இந்தப் பதினேழு பக்கங்களில் மருத்துவர் பேனாவால் வட்டமிட்டது ஆறு இடங்களில் மட்டும்: கிரியேட்டினின், யூரியா, சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல். சிவப்பு எழுத்தில் ‘அதிக ஆபத்து’ என்று அச்சிட்டிருந்த சிஆர்பியை (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மாரடைப்பில் இறந்த இதயத்தசையை உடல் அகற்றிச் சீராக்கும் காலத்தில் சிஆர்பி உயர்ந்து நிற்பது இயல்பு. அந்த நேரத்தில் அதை அளந்து எதிர்கால ஆபத்து என்று பெயரிடுவது, மழை பெய்து ஓய்ந்த தெருவில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது. ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் சற்று உயர்ந்திருந்ததற்காகச் செயலியே வைட்டமின் மாத்திரை ஒன்றைப் பரிந்துரைத்திருந்தது. பி வைட்டமின்களால் ஹோமோசிஸ்டீனைக் குறைக்கலாம் என்றாலும், அப்படிக் குறைத்ததால் மாரடைப்போ இதய மரணமோ குறையவில்லை என்று 2006இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. பரம்பரையாக வரும் கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன்-ஏ ஒன்று மட்டும், வாழ்நாளில் ஒருமுறை தெரிந்துவைத்துக்கொள்ளத் தக்கது என்பதால், அந்தக் கூட்டத்தில் நான் குறை சொல்லாமல் விடுகிறேன்.

பேக்கேஜின் முகப்பில் பெரிய எழுத்தில் இருந்தது ட்ரோபோனின். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சேவையில் எனக்குள்ள முதல் பெரிய ஆட்சேபம் இதுதான். ட்ரோபோனின் இதயத்தசை சுருங்கி விரிய உதவும் புரதம். தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். அது வருவதற்கு முன் மருத்துவர்கள் நம்பியிருந்த முதல் ரத்தப் பரிசோதனை, 1954இல் அறிமுகமான எஸ்ஜிஓடி என்ற நொதி. இதே அறிக்கையில் கல்லீரல் பக்கத்தில் ஒரு மூலையில் அது இன்றும் உட்கார்ந்திருக்கிறது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைப் போல. பின்பு சிகே, சிகே-எம்பி என்ற தசை நொதிகள் வந்து, கடைசியில் ட்ரோபோனின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மாரடைப்பா இல்லையா என்று சொல்வதோடு அது நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். 1996இல் வெளியான ஓர் ஆய்வில், நெஞ்சுவலியோடு வந்த 1,404 பேரை எடுத்துக்கொண்டு, ட்ரோபோனின்-ஐ ஒரு மில்லிலிட்டருக்கு 0.4 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களில் 42 நாட்களுக்குள் இறந்தவர்கள் 1 விழுக்காடு என்றும், அதற்கு மேல் இருந்தவர்களில் 3.7 விழுக்காடு என்றும் கண்டார்கள். 9 நானோகிராமையும் தாண்டியவர்களில் அது 7.5 விழுக்காடாக இருந்தது. மாரடைப்பு இல்லாமல், மூச்சுத் திணறலோடு இதயச் செயலிழப்பாக (இதயத்தால் போதிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) வந்து சேர்ந்தவர்களிடமும் இதே கதைதான். 67,000க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளை வைத்து 2008இல் வெளியான கணக்கில், ட்ரோபோனின் உயர்ந்திருந்தவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 8 விழுக்காடு, உயராதவர்களில் 2.7.

ஆனால் இவையெல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் எடுத்த ரத்தம். அங்கே ஒருமுறை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ கழித்து மறுபடி எடுப்பார்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் பதில். இப்போது வழக்கத்தில் உள்ள நுண்ணுணர்வு ட்ரோபோனின்-டி பரிசோதனையில் இயல்பு வரம்பு ஒரு லிட்டருக்கு 14 நானோகிராம். முதல் அளவே 52ஐத் தொட்டாலோ, ஒரு மணி நேரத்தில் 5 நானோகிராம் கூடினாலோ மாரடைப்பு என்ற கோணத்தில் நடவடிக்கை தொடங்கிவிடும். மாரடைப்பு முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரே ஒருமுறை எடுத்து, 22 என்று அச்சிட்டு, பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டு இரவு ஒன்பது மணிக்குச் செல்பேசிக்கு அனுப்பினால் அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? நாங்கள் விடிய விடியத் தூங்காமல் இருந்தோம். பலவீனமான இதயத்திலும் குறைந்த சிறுநீரகச் செயல்பாட்டிலும் இந்த எண் சிறிது உயர்ந்தே நிற்கும் என்பதைக் காலையில் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். முன்பதிவின்போது பட்டினியா என்று கேட்டவர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சில ட்ரோபோனின் கருவிகளில் உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டிவிடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்திருக்கிறது. ஒரு வரியில் கேட்டிருக்கலாம்.

இதைவிட மோசமானது, ‘நெஞ்சில் அசௌகரியமா? வீட்டிலிருந்தே ட்ரோபோனின் பார்க்கலாம்’ என்று செயலி காட்டிய விளம்பரம். இந்தியாவில் 20,468 நோயாளிகளைக் கொண்டு எடுக்கப்பட்டு 2008இல் வெளியான கிரியேட் என்ற இதயநோயாளிகள் பதிவேட்டில், வலி தொடங்கி மருத்துவமனையை அடைய ஆன நேரத்தின் இடைநிலை 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். ஏற்கெனவே அவ்வளவு தாமதிக்கும் மக்களிடம், நாளைக் காலை ஆறரைக்கு ஆள் வருவார், இரவு அறிக்கை வரும் என்று ஒரு பொத்தானை நீட்டுவதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. நெஞ்சுவலி என்றால் 108க்கு அழைக்க வேண்டும். ரத்தத்தை அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது, மருத்துவர் எழுதிய என்டி-புரோபிஎன்பி. எழுபத்து நான்கில் அது இல்லை. ‘இதய’ பேக்கேஜில் தைராய்டும் வைட்டமின் டியும் இருந்தன, இது இல்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, தனியாக 2,200 ரூபாய் கட்டினால் சேர்த்துவிடலாம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த அன்று அப்பாவின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 3,940 பிகோகிராம். ஆய்வகத்தின் அறிக்கையில் 486 என்று வந்திருந்தது. அம்மா அன்று மாலையே மீனாட்சி கோயிலுக்குப் போய் நெய் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்; நானும் எட்டில் ஒரு பங்காகிவிட்டதே என்று உறவினர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். மருத்துவர் தாளைக் கையில் வாங்கி, எண்ணைப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பார்த்தார். அதில் அச்சிட்டிருந்தது பிஎன்பி. “அம்மா, உதிரி மல்லிகையை எடையில் வாங்குவீர்கள், கட்டின பூவை முழத்தில் வாங்குவீர்கள். போன வாரம் அரைக் கிலோ, இந்த வாரம் ரெண்டு முழம், அதனால் பூ குறைந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?” என்று கேட்டார். அம்மாவுக்கு அது உடனே புரிந்தது.

இதயத்தின் கீழறைச் சுவர் அழுத்தத்தால் இழுபடும்போது 108 அமினோ அமிலம் கொண்ட ஒரு முன்வடிவம் சுரக்கிறது; அது 32 அமினோ அமிலம் கொண்ட பிஎன்பியாகவும் 76 கொண்ட என்டி-புரோபிஎன்பியாகவும் இரண்டாக உடைகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1988இல் இதை முதலில் பன்றியின் மூளையில் கண்டதால், இதயத்திலிருந்து வரும் இந்தப் பொருளுக்கு மூளையின் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள்தான் என்றாலும் ரத்தத்தில் தங்கும் காலம் வேறு, அளவுகள் வேறு; ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது. எங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்பா சாப்பிடுவது, இதயச் செயலிழப்புக்குத் தரும் சாகுபிட்ரில்-வால்சார்டான் மாத்திரை. பிஎன்பியைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியைத் தடுப்பதுதான் சாகுபிட்ரிலின் வேலை. எனவே அந்த மாத்திரையைச் சாப்பிடுபவரிடம் பிஎன்பி மருந்தாலேயே கூடித் தெரியலாம், என்டி-புரோபிஎன்பிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. மருத்துவர் குறிப்பிட்டு எழுதியதற்குக் காரணம் இதுதான். ஆய்வகத்தில் யாரோ ஒருவர் இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டார். 486 என்ற அந்த எண், நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. 2,200 ரூபாய் மட்டும் போனது.

சரியாக எடுத்தால் இது எவ்வளவு பயனுள்ள பரிசோதனை என்பதால்தான் இந்த வருத்தம். 2002இல் வெளியான ஆய்வில், மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,586 பேரிடம், 100 பிகோகிராம் என்ற எல்லையை வைத்துக்கொண்டு பிஎன்பியால் மட்டும் 83 விழுக்காடு துல்லியத்தோடு இதயச் செயலிழப்பைக் கண்டுசொல்ல முடிந்தது. அமெரிக்காவின் அட்ஹியர் என்ற இதயச் செயலிழப்புப் பதிவேட்டிலிருந்து 2007இல் வெளியான கணக்கில், சேர்க்கையின்போது பிஎன்பி 430க்குக் கீழே இருந்தவர்களில் மருத்துவமனையில் இறந்தவர்கள் 1.9 விழுக்காடு, 1,730க்கு மேல் இருந்தவர்களில் 6 விழுக்காடு. சேர்ந்த நாளுக்கும் வீடு திரும்பும் நாளுக்கும் இடையே என்டி-புரோபிஎன்பி 30 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியவர்கள், இறங்காதவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்பதும் நெடுநாளாகத் தெரிந்ததே. 2022இல் வெளியான ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வில், வீடு திரும்பிய சில வாரங்களுக்குள் மருந்துகளை வேகமாக முழு அளவுக்கு உயர்த்தி, ஒவ்வொரு முறையும் என்டி-புரோபிஎன்பியையும் பார்த்துக்கொண்டே போனவர்களில், ஆறு மாதத்துக்குள் இறந்தோ மறுபடி சேர்க்கப்பட்டோ போனவர்கள் 15.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 23.3. இத்தனை எடையுள்ள எண்ணுக்கு எல்லா வயதினருக்கும் ஒரே வரம்பைப் போட்டு அச்சிடுகிறது இந்த ஆய்வகம். வயது கூடினால் கூடும், சிறுநீரகம் தளர்ந்தால் கூடும், உடல் பருமன் இருந்தால் குறைந்து காட்டும் என்று அடிக்குறிப்பாக இரண்டு வரி போட இடமில்லை, ஆனால் புரத பானத்துக்கு அரைப் பக்க விளம்பரம் போட இடமிருக்கிறது.

பேக்கேஜில் யாரும் கவனிக்காத பக்கம் சிறுநீரகப் பக்கம். விலை மலிவு, பெயரில் கவர்ச்சி இல்லை. ஆனால் அட்ஹியர் பதிவேட்டை வைத்து 2005இல் வெளியான ஆய்வில், முப்பத்தொன்பது காரணிகளைப் போட்டுச் சலித்தபோது கடைசியில் நின்றவை மூன்றுதான்: யூரியா நைட்ரஜன் 43 மில்லிகிராமுக்கு மேலா, மேல் ரத்த அழுத்தம் 115க்குக் கீழா, கிரியேட்டினின் 2.75க்கு மேலா. முதல் இரண்டும் சாதகமாக இருந்த குழுவில் மருத்துவமனை இறப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு. மூன்றும் பாதகமாக இருந்த குழுவில் கிட்டத்தட்ட 22 விழுக்காடு. மாரடைப்பு வந்தவரின் ஆபத்தைக் கணக்கிடும் கிரேஸ் மதிப்பெண்ணிலும் வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு கிரியேட்டினின் இடம்பெறுகிறது. அப்பாவின் கிரியேட்டினின் 1.3இலிருந்து 1.5க்கு வந்திருந்ததைத்தான் மருத்துவர் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நீர்மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்தார். ஒரு பரிசோதனை சிகிச்சையை மாற்றியது அந்த ஒரு இடத்தில்தான்.

இரண்டாம் முறை நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையைத் தொடங்கியதால் பொட்டாசியம் மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அன்று வந்தவர் வேறொருவர். நரம்பு கிடைக்காமல், கட்டுப்பட்டையை இறுக்கியபடியே சிறிய ஊசியால் இழுத்து இழுத்து எடுத்தார். குழாயில் பீய்ச்சி, நன்றாகக் குலுக்கிப் பெட்டியில் போட்டார். இரவில் வந்த அறிக்கையில் பொட்டாசியம் 6.1. அந்த அளவு உண்மையானால் இதயத்துடிப்பே தாறுமாறாகலாம் என்பதால், பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். ஈசிஜி சரியாக இருந்தது. அங்கே மறுபடி எடுத்ததில் 4.6. சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி அளவைப் பொய்யாக உயர்த்திவிடும் என்பது ஆய்வகத்தாருக்குத் தெரியாததல்ல. மையவிலக்கியில் சுழற்றியதும் தெளிநீர் இளஞ்சிவப்பாக இருந்தாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ‘அணுக்கள் சிதைந்த மாதிரி, மீண்டும் எடுக்கவும்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்த இரவு எங்களுக்கு இல்லை. அந்தப் பதற்றத்தில் அப்பா மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்கினார்.

புகார் செய்தோம். மூன்று நாள் கழித்துப் பேசியவர் பணிவாகவே பேசினார். பணத்தைத் திருப்பித் தராமல், முழு உடல் பேக்கேஜுக்கு 40 விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

மூன்றாம் முறை நாங்கள் தேறிவிட்டோம். பேக்கேஜைத் தொடவே இல்லை. என்டி-புரோபிஎன்பி என்று முழுப் பெயரையும் எழுத்து மூலமாக உறுதிசெய்துகொண்டோம். அறிக்கையில் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) முத்திரை இருந்தாலும், அந்த அங்கீகாரத்துக்குள் வராத பரிசோதனைகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடுவார்கள் என்பதையும் கவனித்து, நாங்கள் கேட்ட ஐந்து பரிசோதனைகளில் எதற்கும் அந்தக் குறி இல்லை என்று பார்த்துக்கொண்டோம். முதல் முறை வந்த இளைஞரையே அனுப்பும்படி கேட்டோம், அனுப்பினார்கள். கிரியேட்டினின், யூரியா, சோடியம், பொட்டாசியம், என்டி-புரோபிஎன்பி ஐந்துக்கும் சேர்த்து 2,700 ரூபாய் ஆயிற்று. என்டி-புரோபிஎன்பி 1,610. மருத்துவமனை அளவோடு ஒப்பிடக்கூடிய முதல் எண் அதுதான். பாதிக்கும் கீழே வந்திருந்தது. அம்மா இம்முறை மருத்துவர் வாயால் கேட்ட பிறகுதான் கோயிலுக்குப் போனார்.

திருவனந்தபுரத்தில் 2013இல் இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்த பதிவேட்டில், மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 8.5 விழுக்காடு, மூன்று ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 44.8 விழுக்காடு. நம் பக்கத்து ஊர்க் கணக்கு இது. வீட்டுக்கு வந்த பிறகுள்ள மாதங்களில்தான் இழப்பு அதிகம் என்னும்போது, படியேற முடியாதவரின் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஏற்பாடு ஆடம்பரம் அல்ல. அதனால் இந்தச் சேவையை நான் விட்டுவிடவில்லை, தை மாதத்துக்கும் பதிவு செய்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எடுக்கும் சேவைக்கு ஐந்தில் மூன்றரை. இரண்டாம் முறை நடந்தது இல்லாவிட்டால் நான்கரை தந்திருப்பேன். அறிக்கையின் தெளிவுக்கு இரண்டு. 74 பரிசோதனை பேக்கேஜுக்கு ஒன்று, அதுவும் லிப்போபுரோட்டீன்-ஏக்காக. செயலியிலிருந்து இன்று காலைகூட ஒரு செய்தி வந்தது: ‘உங்கள் இதயப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது, இப்போது 82 பரிசோதனைகள், அதே விலை.’